எழுத்தும் ஊதியமும்

மலையகத்தில் எழுத்து ஊதியம் நாடிப் பிறந்ததன்று. 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யர் இதழ்கள் நடத்தியதும், அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார் 1940இல் தம் பாடல்களை நூலாக்கியதும் தோட்டத் தொழிலாளர் விழிப்புறும் பொருட்டேயாம்.

இன்று அச்சகமும் வேண்டா. கைப்பேசியொன்றிருப்பின் வலைப்பூவில் எழுதலாம். அதனாற் பொருளும் ஈட்டலாமோ என நம் மாணவர் வினவுகின்றனர். ஈட்டலாம், எனினும் வழியறிந்து இறங்குதல் வேண்டும்.

பக்கத்தில் விளம்பரத்துக்கு இடந்தருதலே பெருவழக்கு. கூகுள் நிறுவனத்தின் விளம்பரத் திட்டம் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கின்றது. விளம்பரஞ் செய்வோர் கொடுப்பதில் ஒரு பங்கு எழுதியவரைச் சாரும். ஆனால், கணக்கில் 100 டொலர் சேர்ந்த பின்னரே பணம் கைக்கு வரும். வாசகர் சிலரேயாயின் அதற்கு ஆண்டுகள் பல கழியலாம்.

ஆதலின் நாம் நன்கறிந்ததையே எழுதுவோமாக. கொழுந்து பறிக்கும் பக்குவம், ஆலையில் தேயிலை பதனிடும் முறை, நுவரெலியாவுக்கு வருவோர்க்கான வழிகள் ஆகியவற்றைத் தேடி வாசகர் வருவர். வாசகர் பெருகின், தங்குமனை நடத்துவோர் நேரே விளம்பரந் தருதலும், மொழிபெயர்ப்புப் பணி கிட்டுதலும் கூடும்.

முன்பணங் கட்டினால் மாதந்தோறும் வருவாய் உறுதி என்பாரை அணுகற்க. கல்வியையும் கைத்தொழிலையும் கைவிடாது, எழுத்தைத் துணைவருவாயாகக் கொள்வதே இளைஞர்க்கு நாம் கூறத்தக்கது.