மெருகு யந்திரத்தின் தாங்குதட்டு

மெருகேறிய மோட்டார் வண்டியின் ஒளியைக் கண்டு வியப்பார் பலர். அவ்வொளியை உண்டாக்கும் யந்திரத்தை நோக்குவார் சிலர். அதனடியில் மறைந்து நின்று உழைக்கும் சிறு தட்டினை நினைப்பார் மிக அரியர். அத்தட்டின் இயல்பையும், அது தேயுமாற்றையும், அதனை மாற்றும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். சென்ற கோடை விடுமுறையில் எமது ஊர்ப் பட்டறை ஒன்றில் சில நாள் நின்று கண்டதே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

யந்திரத்தின் சுழலச்சில் திருகப்பட்டிருப்பது தாங்குதட்டு. 'பேக்கிங் பிளேட்' என்பது தொழிலாளர் வழக்கு. இதன் நடுவே உறுதியான கருவும், அதனைச் சூழப் பாலியூரித்தேன் என்னும் மெத்தென்ற நுரைப்பொருளும், முகத்தே நைலானாலாகிய நுண்ணிய கொக்கிகளும் உள்ளன. மெருகுப் பஞ்சின் முதுகிலுள்ள இழைக்கண்ணிகளை இக்கொக்கிகள் பற்றிக்கொள்ளும். நாயுருவியின் விதை நம் ஆடையைப் பற்றுவதும் இம்முறையினாலேயே. சுவிட்சர்லாந்து நாட்டினரான ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்பார், 1941-ஆம் ஆண்டில் தம் உடையிலும் நாயின் மயிரிலும் ஒட்டிய முட்காய்களை ஆராய்ந்து, பின்னர் வெல்குரோ என்னும் இவ்வமைப்பினைக் கண்டார்.

தட்டிற்கு முதற்பகை வெப்பம். உராய்வினாலெழும் சூடு, நுரைப்பஞ்சின் வழியே எளிதில் வெளியேறாது நடுவில் தங்குகின்றது. அதனால் நைலான் இளகிக் கொக்கிகள் தம் வளைவை இழக்கின்றன. யந்திரத்தைச் சாய்த்து அழுத்துவதால் ஒருபுறத்து நுரை நைந்து கருவினின்றும் பிரிகின்றது. பஞ்சினை ஓரம் பற்றி வெடுக்கென உரிப்பதால் விளிம்பின் கொக்கிகள் கெடுகின்றன. உலர்ந்த மெருகுக் குழம்பும் கொக்கிகளின் இடைவெளியை அடைத்துவிடும்.

இத்தேய்வினை அறிவது எங்ஙனம்? பஞ்சு நடுவிடம் விட்டு விலகும். யந்திரம் கையில் நடுங்கும். தட்டின் முகம் தடவுங்கால் வழுவழுப்பாயிருக்கும். அப்பட்டறையில் மெருகிடும் அண்ணாச்சி ஒருவர், "தம்பி, பஞ்சு தேய்வது கண்ணுக்குத் தெரியும், தட்டுத் தேய்வது கைக்குத்தான் தெரியும்" என்றார். புதிய தட்டு வேண்டுமென்று அவர் இருமுறை கேட்டிருந்தார். இன்னும் ஒரு வாரம் ஓட்டுக என்பதே கிடைத்த விடை. மூன்றாம் நாள் பஞ்சு கழன்று பறந்தது. வெறுந்தட்டு வண்டியின் முன்மூடியில் வில்போன்ற வடுவொன்றை வரைந்தது.

அவ்வடு சிறிதெனினும் கேடு பெரிது. வண்ணத்தைக் காக்கும் மேற்பூச்சு, பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் தடிப்பே உடையது. ஒரு மைக்ரானாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. வடுவை நீக்கப் பூச்சினைத் தேய்த்தல் வேண்டும். தேய்ந்த பூச்சோ மீண்டும் வளர்வதன்று. ஆழ்ந்த வடுவாயின் புதுப்பூச்சே தீர்வு. அன்று அச்செலவில் ஒரு பங்கு அண்ணாச்சியின் கூலியினின்றும் கழிக்கப்பட்டதை யாம் கண்ணாற் கண்டோம்.

இனி, மாற்றும் முறை. முதலில் மின்னிணைப்பை நீக்குக. சுழலச்சு சுழலாதவாறு பூட்டுப் பொத்தானை அழுத்தியோ, திருகுசாவியால் பற்றியோ தட்டினை இடப்புறமாகத் திருப்பிக் கழற்றுக. பழைய தட்டின் பின் வளையம் இருந்திருப்பின் அதனை மறவாது மீண்டும் இடுக. இல்லையேல் தட்டு யந்திரத்தின் உறையில் உரசக்கூடும். புதிய தட்டின் திருகுமறை யந்திரத்திற்கு ஒத்ததாதல் வேண்டும். தட்டின் அகலம் பஞ்சினும் சற்றுக் குறைந்திருப்பின், கடினமான விளிம்பு வண்ணத்தைத் தீண்டாது. மையம் விலகிச் சுழலும் யந்திரங்களில் தட்டின் நிறைக்கேற்ப எதிர்நிறை அமைந்திருத்தலின், வேறு அளவுள்ள தட்டு நடுக்கத்தை மிகுவிக்கும். பஞ்சினைப் பொருத்தி, வண்டியின்மேல் படியவைத்த பின்னரே மெதுவாக இயக்குக.

சூடேறிய பஞ்சினை அடிக்கடி மாற்றியும், கொக்கிகளைத் தூரிகையால் துடைத்தும், பஞ்சினை மெல்ல உரித்தும் வருவோர்க்குத் தட்டு நெடுநாள் உழைக்கும். எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை முதலில் உணர்வது தொழிலாளியின் கை. அக்கை உரைப்பதைக் காலத்தே கேட்பின், வண்டிக்கும் வடுவில்லை. உழைப்பவன் கூலிக்கும் குறைவில்லை.