சொல்லாமல் விட்ட காதலும் இளமையும்: மங்கா வாசகரும் நம் உரைமரபும்

ஈப்போ வட்டாரத்து இடைநிலைப் பள்ளி ஒன்றில் நிகழ்ந்த ஒரு சிறு வாதத்திலிருந்து இவ்வுரையைத் தொடங்குகிறோம். தமிழ் இலக்கிய வகுப்பு முடியும் வேளை. பின்வரிசையில் நான்காம் படிவ மாணவியர் இருவர் ‘நருட்டோ’ என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையைப் பற்றிக் கடுமையாக வழக்காடிக்கொண்டிருந்தனர். கதைத்தலைவனாகிய நருட்டோ, ஹினாத்தா என்பவளை எப்போது விரும்பத் தொடங்கினான் என்பதே வழக்கு. மணம் நிகழ்ந்த செய்தி இறுதி அத்தியாயத்தில்தான் தெரியவருகிறது, அதற்குமுன் அவன் நெஞ்சில் அவள் இல்லை என்றாள் ஒருத்தி. மற்றவளோ, அவன் பேசாமல் அவளைப் பார்த்து நின்ற படங்களைச் சான்று காட்டி மறுத்தாள். ஆசிரியர் இருவரையும் கடிந்து, பாடத்தைக் கவனிக்கச் சொன்னார். அன்று கரும்பலகையில் அவர் எழுதியிருந்தது ஒரு குறுந்தொகைப் பாடலின் கூற்று விளக்கம். “அவர்கள் செய்ததும் நான் எழுதிவைத்ததும் ஒரே வேலைதான் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்குப் பட்டது” என்று அவ்வாசிரியர் பின்னர் நம்மிடம் கூறி வருந்தினார்.

அவருடைய வருத்தத்தில் உண்மை இருக்கிறது. அதனை விரித்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

மங்கா என்பது ஜப்பானியச் சித்திரக்கதை வடிவம். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அமைவது. வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவது. பக்கம் கட்டம் கட்டமாகப் பிரிந்து நிற்கும். ஒரு கட்டத்தில் ஒருத்தி தலை குனிந்திருப்பாள். அடுத்த கட்டத்தில் வெறும் வானம் இருக்கும். அதற்கடுத்ததில் அவள் நடந்துகொண்டிருப்பாள். இடையில் அவள் என்ன நினைத்தாள் என்பதை ஓவியர் வரைவதில்லை. அதனை நிரப்புகிறவர் வாசகரே. சித்திரக்கதை படிக்கத் தெரிந்தவர் என்று நாம் சொல்வது, கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் படிக்கத் தெரிந்தவரைத்தான்.

மசாஷி கிஷிமொத்தோ 1999 முதல் 2014 வரை வார இதழில் தொடராக வரைந்த ‘நருட்டோ’, 700 அத்தியாயங்களும் 72 தொகுதிகளும் கொண்டது. இத்துணை நீண்ட கதையிலும் வெற்றிடங்கள் மிகுதி. 699ஆம் அத்தியாயத்தில் இளைஞனாக நிற்பவன் 700ஆம் அத்தியாயத்தில் ஊர்த்தலைவனாகவும் இரு பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் நிற்கிறான். மனைவி ஹினாத்தா. இடையில் இருவரும் எவ்வாறு ஒன்றுபட்டனர் என்பது அந்நூலில் இல்லை. 2014 டிசம்பரில் வெளிவந்த திரைப்படம் ஒன்று அவ்விடைவெளியை நிரப்ப முற்பட்டது. அதற்குள் வாசகர்கள் ஆயிரம் விதமாக அதனை நிரப்பிவிட்டனர். நருட்டோவுக்கும் சக்குராவுக்கும் மணம் முடித்து வைத்தவரும் அவர்களுள் உண்டு.

காதலைப் போலவே இளமைப்பருவமும் வாசகரை இழுக்கிறது. நருட்டோ பிறந்த நாளிலேயே பெற்றோரை இழந்தவன். ஊரார் வெறுத்து ஒதுக்கிய சிறுவன். மற்றப் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பெற்றோர் கொண்டாட, அவன் ஊஞ்சலில் தனித்து அமர்ந்திருக்கும் காட்சி முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. அவனுடைய தோழனும் பகைவனுமாகிய சாசுக்கே, தன் குலம் முழுவதையும் தன் அண்ணனே கொன்றதைச் சிறுவயதில் கண்டவன். அவன் பின்னாளில் செய்யும் கொடுமைகளுக்கெல்லாம் காரணம் தேடும் வாசகர் அந்த ஓர் இரவுக்கே திரும்பத் திரும்பச் செல்கின்றனர்.

ஏன் இவ்விரண்டும்? போரும் பயணமும் கண்ணுக்குத் தெரியும் செயல்கள். அவற்றை வரைந்து காட்டிவிடலாம். அச்செயல்களின் வேர் ஒருவன் யாரை விரும்பினான், யாரால் விரும்பப்படாமல் வளர்ந்தான் என்பதில் இருக்கிறது. வேரைத் தோண்டும் ஆவல்தான் இளைஞரைக் காதலுக்கும் குழந்தைப்பருவத்துக்கும் கொண்டுசெல்கிறது. இதனைப் பருவக்கோளாறு என்று ஒதுக்குவது எளிது; சரியன்று.

ஜப்பானில் இவ்வாவல் ஓர் அமைப்பாகவே வளர்ந்துவிட்டது. தாம் விரும்பிய கதைமாந்தரை வைத்து வாசகரே எழுதி வரைந்து அச்சிடும் சிற்றிதழ்களுக்கென 1975 டிசம்பரில் தோக்கியோவில் ஒரு சந்தை கூடியது. அன்று வந்த குழுக்கள் 32. வாசகர் ஏறத்தாழ 700 பேர். இன்று அச்சந்தைக்கு இலட்சக்கணக்கில் மக்கள் வருகின்றனர். அத்தகைய குழுவாகத் தொடங்கிப் பின்னர்ப் புகழ்பெற்ற மங்கா படைப்பாளரானவர்களும் உண்டு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அகப்பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் இல்லை. பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. ஊர் இல்லை, முன்கதை இல்லை, பின்கதை இல்லை. ஒருவர் பேசுகிறார், பாடல் முடிந்துவிடுகிறது. ஒரு மங்கா கட்டத்தைப் போலத் தனித்து நிற்கிறது அது. அதன் அடியில் யார், யாரிடம், எந்தச் சூழலில் கூறியது என்று ஒரு குறிப்பு காணப்படுகிறது. இக்குறிப்புகள் பாடினவர் எழுதியவை அல்ல, பின்னர் வந்தோர் சேர்த்தவை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியாயின் அவற்றை எழுதியவர் யார்? வாசகர்தாம். 

குறுந்தொகையின் 40ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். செம்புலப்பெயனீரார் பாடியது. நம் பெற்றோர் ஒருவர்க்கொருவர் உறவினர் அல்லரே, நாமும் முன்பு அறிமுகமற்றவரே, ஆயினும் நெஞ்சங்கள் கலந்துவிட்டனவே என்று ஒருவன் வியக்கிறான். பாடலுள் இருப்பது இவ்வளவே. குறிப்போ, கூடிய பின் தலைவன் பிரிந்துவிடுவானோ எனத் தலைவி அஞ்சினாள், அவளுடைய முகவேறுபாட்டைக் கண்டு அவன் இவ்வாறு தேற்றினான் என்கிறது. அவளது அச்சம் பாடலில் எங்கும் சொல்லப்படவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லப்படவில்லை. ஆயினும் குறிப்பைப் படித்தபின் அவ்வியப்பு வெறும் வியப்பாக நிற்காமல் ஓர் ஆறுதல் மொழியாக மாறிவிடுகிறது. இருவர் இருக்கும் பாடலில் பேசாதவளின் மனத்தை ஒரு வாசகர் கண்டெடுத்திருக்கிறார். பின்வரிசை மாணவி செய்ததும் இதுவே. சில பாடல்களுக்கு இரண்டு கூற்றுகள் சொல்லி, இதுவும் பொருந்தும் என விட்டுவைத்ததையும் நம் மரபில் காண்கிறோம்.

இளமைப்பருவத்தை நிரப்பியமைக்கும் நம்மிடம் சான்று உண்டு. இராமனின் முடிசூட்டு விழாவை மந்தரை ஏன் கெடுத்தாள்? கம்பர் ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டுகிறார். இராமன் சிறுவனாக இருந்தபோது விளையாட்டாக வில்லிலிருந்து விட்ட மண் உருண்டை அவள் கூனில் பட்டது. அந்த நோவை அவள் மறக்கவில்லை. வால்மீகியில் இக்காரணம் காணப்படவில்லை; ஆழ்வார் பாசுரத்திலோ அவ்வுருண்டையைப் பற்றிய குறிப்பு கம்பருக்கு முன்னரே வந்துவிட்டது. ஒரு காப்பியத்தின் திருப்பம் முழுவதும் ஒரு சிறுவனின் விளையாட்டுக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. மந்தரையும் வெறும் தீயவளாக இல்லாமல் வலி தாங்கிய ஒருத்தியாகிறாள். சாசுக்கேயின் இரவைத் தேடுகிறவர் இதைவிட வேறு என்ன செய்கிறார்? மிதிலையில் மணத்துக்கு முன்னரே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் வால்மீகியில் இல்லாத காட்சிதான். நம் களவுநெறி அறிந்த ஒரு புலவருக்கு, காணாமலே நிகழும் மணம் உவப்பாக இராது போலும்.

அண்மைக்காலத்திலும் இது தொடர்ந்தது. கல்கி, ‘பொன்னியின் செல்வன்’ தொடரை 1954இல் முடித்தபோது, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என்ற வாசகர்களின் வினாக்களுக்கு முடிவுரையில் விடையிறுக்க வேண்டியதாயிற்று. அவ்விடையும் போதாமல் பிறர் தொடர்கதை எழுதினர். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ அவ்வகையது. நந்தினியின் பிறப்பைப் பற்றி இன்றும் வழக்காடுவோரை நாம் அறிவோம். அவ்வழக்கில் நாமே ஓர் இரவு முழுவதும் உறங்காமல் கிடந்ததுண்டு.

எனில் எல்லா விளக்கமும் ஏற்கத்தக்கதா? இல்லை. இங்கேதான் ஆசிரியரின் பணி தொடங்குகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை நினைவுகூர்வோம். பிரிந்து வருந்தும் அரசியும், பாசறையில் இரவிலும் உறங்காத அரசனும் அதில் வருகின்றனர். படிப்போர் அதனை அகப்பாடல் என்றே கொள்வர். நச்சினார்க்கினியர் மறுத்தார். அரசனுடன் வருவோன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்குரிய பூ. ஆகவே தலைவன் இன்னானென அடையாளம் தெரிந்துவிட்டது. அடையாளம் தெரிந்தபின் அது அகமாகாது, புறமே என்றார். அம்முடிபை ஏற்காதவர் உளர். ஆயினும் அவர் காட்டிய சான்று பாடலுக்குள்ளேயே இருக்கிறது. விரல் வைத்துக் காட்டக்கூடியது. படத்தின் மூலையில் தொங்கும் ஒரு கழுத்துக்குட்டையை வைத்து, இவள் அவனை நினைத்திருக்கிறாள் என்று வாதிடும் மாணவருக்கு நச்சினார்க்கினியரை அறிமுகம் செய்துவைக்க இதைவிட நல்ல வாயில் வேறில்லை.

மாறாக, தான் விரும்பிய இருவரை இணைக்க வேண்டும் என்பதற்காகவே கதை வெளிப்படையாகச் சொன்னதை மறைப்பவர் உரைகாரர் ஆகார். நருட்டோவுக்கும் சக்குராவுக்கும் மணம் முடிப்பவர், சக்குராவின் நெஞ்சு தொடக்கம் முதல் சாசுக்கேயிடம் இருந்ததைக் கணக்கில் கொண்டாக வேண்டும். அதனைக் கணக்கில் கொண்டு வேறொரு கதை புனைவது புனைவு. கொள்ளாமல் இதுவே மூலத்தின் கருத்து என்பது பிழை. இவ்வேறுபாட்டை மாணவர் விரைவில் பிடித்துக்கொள்கின்றனர். நம் கலைச்சொற்களும் அவர்களுக்குத் துணையாகின்றன. ஹினாத்தாவின் அன்பு நெடுங்காலம் கைக்கிளையாகவே இருந்ததா, நருட்டோவின் மௌனம் மறுப்பா அறியாமையா என்று கேட்டுப் பாருங்கள். கைக்கிளை என்ற சொல்லை அதன்பின் அவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பேராக் மாணவர்க்கு இன்னும் அருகில் ஒரு நூல் உண்டு. கோப்பெங் கோத்தா பாருவில் 1951இல் பிறந்த ஓவியர் லாட், தம் சிற்றூர் இளமையை ‘கம்போங் பாய்’ என்று 1979இலும், ஈப்போவில் கழிந்த பள்ளிப்பருவத்தை ‘டவுன் பாய்’ என்று 1981இலும் சித்திரக்கதையாக்கினார். பின்னதில் மாட் என்னும் மலாய்ச் சிறுவனும் பிராங்கி என்னும் சீனச் சிறுவனும் நண்பர்கள். காப்பிக்கடைக்கு மேலே உள்ள பிராங்கியின் வீட்டில் எல்விஸ் பிரஸ்லியின் இசைக்கு இல்லாத கித்தாரை வாசிக்கின்றனர். நோர்மா என்ற பெண்ணின்மீது மாட்டுக்கு ஓர் ஈர்ப்பு. முடிவில் மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்லும் பிராங்கியை ஈப்போ இரயில் நிலையத்தில் வழியனுப்புகின்றனர். நோர்மா என்ன நினைத்தாள்? பிராங்கி திரும்பி வந்தானா? அந்நிலையத்தின் வெள்ளைக் குவிமாடத்தைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் மாணவர் இவ்வினாக்களை எழுப்பாமல் இரார்.

ஆனால் ‘டவுன் பாய்’ நம்மை ஓர் எல்லையில் நிறுத்துகிறது. அது வாழ்ந்தவரின் நினைவிலிருந்து வந்தது. நருட்டோவுக்கு நாம் எந்த இளமையைக் கற்பித்தாலும் புண்படுவார் யாருமில்லை. வாழ்ந்த மனிதருக்கு அவ்வாறு கற்பிக்கலாமா?

இவ்வினா நம் மாணவருக்கு வெறும் கோட்பாடு அன்று. சுங்கை சிப்புட், கம்பார், பத்து காஜா சுற்றுப்புறத்து இரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஈப்போவின் தாமான்களில் வாழ்கின்றனர். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரம் சீவி, ஒட்டுப்பால் சேர்த்த பாட்டியின் உழைப்பைக் கணக்குப் புத்தகங்கள் பதிந்தன. எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்பன அவற்றில் இருக்கும். அவள் எப்படி வளர்ந்தாள், யாரை மணக்க விரும்பினாள் என்பன இரா. அவள் வாழ்க்கையும் கட்டங்களாகவே எஞ்சியிருக்கிறது: அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு படம், திருமணப் படம் ஒன்று, இடையில் வெள்ளை.

ஆகவே நாம் ஆசிரியர்களுக்குப் பரிந்துரைக்கும் பயிற்சி இரு படி கொண்டது. முதலில் மாணவர் விரும்பிய மங்கா பாத்திரம் ஒன்றுக்குக் கூற்றுக் குறிப்பு எழுதட்டும்: யார், யாரிடம், எதனைக் கண்டு, ஏன் கூறினார், சான்று எந்தப் பக்கத்தில். அடுத்து வீட்டுப் பெரியவர் ஒருவரின் பழைய படத்துக்கு அதேபோல் எழுதட்டும். பின்னர் அதனை எடுத்துச் சென்று அவரிடமே படித்துக்காட்டட்டும். உரைகாரர் எவருக்கும் கிட்டாத வாய்ப்பு அது. செம்புலப்பெயனீராரிடம் சென்று கேட்க யாராலும் இயலாது.

தொடக்கத்தில் கூறிய மாணவியருள் ஒருத்தி இப்பயிற்சியைச் செய்தாள். தோட்டத்து ஆயாக் கொட்டகையின் முன் ஏழெட்டுப் பிள்ளைகள் நிற்கும் படம். ஓரத்தில் இடுப்பில் ஒரு குழந்தையுடன் நிற்கும் சிறுமி அவள் பாட்டி. கொட்டகையில் ஆடிப்பாடி வளர்ந்தவர், அன்று தம்பியைத் தூக்கிக்கொண்டு மகிழ்ச்சியாக நிற்கிறார் என்று அவள் குறிப்பு எழுதியிருந்தாள். பாட்டி கேட்டுவிட்டுச் சிறிது நேரம் படத்தைப் பார்த்திருந்தாராம். பிறகு, “அது என் தம்பி இல்லடி. நான் அந்தக் கொட்டகையில விளையாடினதே இல்ல. ஆயாவுக்கு ஒத்தாசையா புள்ள தூக்க நின்னேன், பள்ளிக்கூடத்த விட்டுட்டு” என்றாராம். மாணவி தன் குறிப்பை அடித்துவிட்டு, அதன் கீழேயே பாட்டியின் சொற்களை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அடித்த வரியையும் ஆசிரியர் அழிக்கச் சொல்லவில்லை.