கழிவுத்தொட்டிக் கசடு எருவாகும் விதமும் அதற்குரிய கட்டுப்பாடும்

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் உள்ளது அடி அண்ணாமலை. பௌர்ணமிதோறும் யாத்திரீகர்கள் பெருந்திரளாய் இவ்வழியே செல்கின்றனர். இத்தகைய ஊர்களில் வீடுகளிலும் விடுதிகளிலும் உள்ள கழிவுத்தொட்டிகள் நிரம்புங்கால், அவற்றின் கசடு எங்கேனும் சேர்ந்தாக வேண்டும். அதனை அருகிலுள்ள புஞ்சையில் லாரியோடு கொட்டிவிட்டால் எருவாயிற்று என்று எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் பாதி உண்மை, மறுபாதி அபாயம்.

கசட்டில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மக்கும் பொருளும் உண்டு. செம்மண் பூமிக்கு இவை வேண்டியவையே. ஆயினும் பச்சைக் கசட்டில் இரண்டு தீமைகள் மறைந்துள்ளன.

முதலாவது, நோய்க்கிருமிகளும் குடற்புழுக்களின் முட்டைகளும். உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் பல ஆண்டுகள் கூட உயிரோடிருக்க வல்லது. வயலில் வேலை செய்வோரையும், அங்கு விளையாடும் குழந்தைகளையும் அது முதலிற் பற்றும். மழை பெய்யின் கசட்டு நீர் கிணற்றையும் கெடுக்கும்.

இத்தீமைக்குப் பரிகாரம் சூடும் காலமும் ஆம். கசட்டை உலர்த்தி, சருகு, வைக்கோல் முதலியவற்றோடு கலந்து குவித்தால் குவியல் தானே சூடேறும். 50 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூடு ஒரு வாரமேனும் குவியல் முழுவதும் நிலைக்க வேண்டும். சூடேற்றாது சேமித்து வைப்பதாயின், நமது சீதோஷ்ணத்தில் ஓராண்டுக்கு மேல் வைத்திருத்தல் வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2006-இல் வகுத்த நெறி கூறுகிறது.

இரண்டாவது தீமை, காட்மியம், ஈயம் போன்ற உலோகங்கள். பட்டறைக் கழிவு கலந்த கசட்டில் இவை மிகுதி. சூட்டினாலும் காலத்தினாலும் இவை அழியா. ஆண்டுதோறும் மண்ணிலேயே சேரும். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு உத்தரவு, நகரக் கம்போஸ்டு ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும், ஈயம் 100 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்கிறது. ஆகவே ரசாயனப் பரிசோதனை இன்றியமையாதது.

பயிரையும் கவனிக்க வேண்டும். இந்த ஜில்லாவில் பிரதானமான நிலக்கடலை மண்ணுக்குள்ளேயே காய்ப்பது, பச்சையாகவும் உண்ணப்படுவது. முற்றும் சுத்தி பெறாத கசடு இட்ட நிலத்தில், மண்ணுக்குள் விளையும் உணவை 20 முதல் 38 மாதம் வரை அறுவடை செய்யலாகாதென அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டு விதி தடுக்கிறது. கிழங்கு, கீரை வகைகளிலும் எச்சரிக்கை வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2014-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, கசடு ஏற்றும் லாரி உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி பெற்று, குறித்த சுத்திகரிப்பு நிலையத்திலேயே கசட்டை இறக்க வேண்டும். செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள கருங்குழியில் கசட்டுக்கெனவே ஒரு நிலையம் 2017-இல் ஏற்பட்டது. இரவில் ஏரிக்கரையிலோ வயலிலோ லாரி நின்றால், கிராம அதிகாரிகள் உடனே விசாரித்தல் தகும்.

கசட்டு எருவை ஏற்குமுன் நிலக்காரர் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: எந்த நிலையத்திலிருந்து வந்தது? எத்தனை நாள் பக்குவம் செய்யப்பட்டது? பரிசோதனைச் சீட்டு எங்கே? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் அது எரு. கிடையாவிடில், இலவசமாய் வரினும் வயலில் இறக்கவிடலாகாது.