கடன் கேட்கும் முன் கணக்கைப் பார்ப்போம்

சென்ற ஆண்டு நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனுக்கு ஒரு சகோதரி மனு கொடுத்தார். வீட்டில் சமோசா போட்டு டீக்கடைகளுக்குக் கொடுப்பவர். கணவர் உடல்நலமின்றி வீட்டோடு இருக்கிறார். கேட்ட தொகை 30,000 ரூபாய். "பாய், காலை நாலு மணியிலிருந்து அடுப்படியிலதான் நிக்கிறேன். வியாபாரம் நல்லாத்தான் போகுது. கையிலதான் காசு நிக்க மாட்டேங்குது" என்றார்.

உடனே கொடுத்திருக்கலாம். ஆனால் நடக்கிற வியாபாரத்திலேயே காசு நிற்கவில்லை என்றால், இந்த 30,000 மட்டும் எப்படி நிற்கும்? உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம்.

நாளொன்றுக்கு 300 சமோசா. கடைக்கு 5 ரூபாய் வீதம் 1,500. மைதா, வெங்காயம், எண்ணெய், மசாலாவுக்கு 820. மீதி 680 லாபம் என்பது அவர் போட்ட கணக்கு. கேட்கக் கேட்கத்தான் மற்றவை வந்தன. கேஸ் 150. மகன் பைக்கில் கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல் 60. விற்காமல் திரும்பும் 20 சமோசாவுக்கு 100. மிஞ்சியது 370. அதுவும் அவரும் மாமியாரும், இருவர் உழைத்ததற்கு! வீட்டு ஆள் உழைப்புக்குக் கூலி எழுதாமல் விடுவது நம் வீடுகளில் எல்லோரும் செய்யும் தவறு. வெளியாள் வைத்தால் என்ன கொடுப்போமோ அதைச் செலவில் எழுதிய பிறகுதான் விலை போட வேண்டும்.

கேஸ் பற்றி ஒரு வார்த்தை. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். 19 கிலோ வணிக சிலிண்டரின் விலையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்தது பாக்கி. நான்கு கடைகளில் 11,000 ரூபாய் நின்றது. எழுத்தில் எதுவும் இல்லை. கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனத்தை ஓதிப் பழகியவர்கள் நாம். சமோசா பாக்கியை எழுதத்தான் கூச்சப்படுகிறோம்.

அந்தப் பணம் வராததால் மைதா வாங்க அவர் தண்டல் எடுத்திருந்தார். பத்தாயிரம் என்று பெயர். கையில் வந்தது 9,000. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசலும் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி 70 சதவீதத்தைத் தாண்டும். டீக்கடைக்காரர்கள் சும்மா வைத்திருந்த காசுக்கு இவர் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே 30,000 கொடுக்கவில்லை. தண்டலில் மீதியிருந்த 6,000 ரூபாயை அடைக்க மட்டும் கொடுத்தோம். மாதம் 1,000 திருப்பித் தர வேண்டும். அவர் முகம் வாடியது. எங்களுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இது நீங்கள் கொடுத்த பணம். ஒருவரிடம் முடங்கினால், வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கு இல்லை.

சமோசா விலை 6 ரூபாயானது. ஒரு கடை நின்றுவிட்டது, மூன்று கடைகள் ஒப்புக்கொண்டன. பாக்கியில் 7,500 வசூலானது. மிச்சம் இன்னும் வரவில்லை.

நின்ற கடைக்கு ஈடாகத் தெருவிலுள்ள வீடுகளுக்கு 8 ரூபாய்க்கு ரொக்கமாக விற்கத் தொடங்கினார். வாட்ஸ்அப்பில் படம் மட்டும் போட்டபோது "மாஷா அல்லாஹ்" என்று பதில் வந்ததே தவிர ஆர்டர் வரவில்லை. விலை, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், எப்போது கிடைக்கும் என்று மூன்று வரி எழுதிய பிறகுதான் வந்தது. ரமலானில் பொரிக்காத சமோசாவைப் பாக்கெட்டாகப் பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தார். பொரிக்கும் எண்ணெயும் கேஸும் மிச்சம், முதலுக்கும் கடன் தேவைப்படவில்லை.

மசாலாப் பொடி, ஊறுகாய் தயாரித்துப் பெரிய கடைகளுக்குக் கொடுப்பவர்கள் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது, செய்து தருகிறோம் என்று காசு கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு, பேசிய தவணை எதுவானாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம்.

இனி தொழில் கடன் கேட்டு வருவோர் 30 நாள் வரவு, செலவு, பாக்கி எழுதிய நோட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். வீட்டுச் செலவுக்கு எடுத்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வந்தால், இன்ஷா அல்லாஹ், உடன் உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.