கையடக்க வானொலி: கருவிக்கு முன்பே உரிமம்

புது தில்லி: அலைவரிசை, உரிமம் குறித்த விவரங்களைத் தெரிவிக்காமல் வாக்கி-டாக்கிகளை விற்றதற்காக, இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் 13 நோட்டீஸ்களை அனுப்பியது. விவரம் அறியாமல் வாங்குவோரும் சட்டச் சிக்கலுக்கு உள்ளாகக்கூடும்.

446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கு 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. "ஹாம்" எனப்படும் அமெச்சூர் வானொலி அவ்வாறன்று. தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியீடும் பெற்றவர்களே அதில் பேசலாம்.

உரிமம் பெற்றோர் பெரிதும் பயன்படுத்துவது 144-146 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. மலிவு விலைக் கருவிகள் பல இந்த எல்லைக்கு வெளியிலும் ஒலிபரப்பக் கூடியவை. எனவே, அலைவரிசையைச் சரிபார்த்த பின்னரே பேசும் பொத்தானை அழுத்த வேண்டும்.

வாங்கும்போது வாட் அளவை மட்டும் பார்ப்பது பயன் தராது. 5 வாட் கருவிக்குப் பதில் 8 வாட் கருவி வாங்கினாலும் தொலைவு அதிகம் கூடிவிடாது. நல்ல ஆன்டெனாவும் உயரமான இடமுமே முக்கியம். கட்டடங்கள் நிறைந்த நகரில் நேரடித் தொடர்பு சில கிலோமீட்டரில் முடிந்துவிடும். உயரத்தில் அமைந்த "ரிப்பீட்டர்" நிலையம், பேச்சை வாங்கி வேறு அலைவரிசையில் மறு ஒலிபரப்புச் செய்து எல்லையை விரிவாக்குகிறது.

2004 டிசம்பரில் சுனாமி தாக்கி அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை வெளியுலகுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் ஹாம் வானொலியாளர்கள். அவர்களிடம் இருந்தது கருவி மட்டுமல்ல, பயிற்சியும் கூட.