உங்களுக்குத் தெரியுமா? வயதும் மறதியும்

● மறதிநோயை ஆராயும் ‘10/66’ குழு 1998இல் கொச்சியில் உருவானது. நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அங்கே நடக்கவில்லை என்பதே பெயருக்குக் காரணம். சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்கள்.

● பள்ளிக்கூடம் போகாதவரையும் சோதிக்க வேண்டுமே! பத்துச் சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்து அவற்றைத் திரும்பச் சொல்லக் கேட்டார்கள், ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் வருகிறது என்று பார்த்தார்கள், வீட்டாரிடமும் விசாரித்தார்கள்.

● வழக்கமான மருத்துவ அளவுகோலின்படி இந்தியக் கிராமக் களத்தில் 65 வயதைக் கடந்தவர்களில் 0.3 விழுக்காட்டினருக்கே நோய் இருந்தது, கியூபாவில் 6.3. ஆனால் நம் கிராமத்து உறவினர்கள் மறதியைக் குறையாகச் சொல்வது குறைவு என்பதால், நோய் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்றனர் ஆய்வாளர்கள்.

● 2023இல் வெளியான தேசிய ஆய்வின் மதிப்பீடு: 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் உண்டு. ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

● ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் தந்த 2024 அறிக்கைப்படி, 14 காரணிகளைச் சரிசெய்தால் சுமார் 45 விழுக்காடு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறை, புகை, தனிமை ஆகியவை அவற்றில் சில.

● பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தினர் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் விசாரிக்கலாம். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே கொண்டுவரும் பிரஷர், சுகர் மாத்திரையைத் தவறாமல் போடுவது மூளைக்கும் காவல்.