பழங்கதைகள் பாரமல்ல, பலமே!

நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே! வைத்திக்குப்பம் கடற்கரை மணலில் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

"பழங்கதைகள் நமக்குப் பாரமா, பலமா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "மேல்நாட்டான் விஞ்ஞானம் பேசினான், முன்னேறினான், நாம புராணம் பேசினோம், பின்தங்கினோம்"னு ஒரு போடு போட்டாரு. கைதட்டலும் வாங்கிட்டாரு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த மேல்நாட்டு அறிவுக்குத் தாய்வீடு எது? கிரேக்கம். நம் சங்கப் புலவர்கள் 'யவனர்' என்று பாடினார்களே, அவர்கள் நாடு. இதோ, பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடி உடைசல்கள் கிடைத்தன. நமக்கு அவ்வளவு பழைய உறவுக்காரர்கள்!

அந்த யவனர்கள் பழங்கதையைத் தூக்கி எறிந்தா முன்னேறினார்கள்? இல்லை ஐயா! ஹோமர் பாடியதாகச் சொல்லப்படும் இலியட், 24 பகுதிகள், 15,000 அடிகளுக்கு மேல். பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். ஏதென்ஸ் நகரில் அதீனா தெய்வத்துக்குப் பெருவிழா. புதிதாக நெய்த ஆடையை ஊர்வலமாக எடுத்துப் போவார்கள். அந்த விழாவில் ஹோமரின் காவியத்தைப் போட்டி போட்டுப் பாடுவார்கள். உங்களுக்கு இது புரியும். மாசி மகத்தன்று மயிலம் முருகனும், தீவனூர்ப் பிள்ளையாரும், மேல்மலையனூர் அங்காளம்மனும் தீர்த்தவாரிக்கு இதே கரைக்குத்தானே வருகிறார்கள்! புராணம் புத்தகத்தை விட்டு இறங்கி வீதியில் நடந்தால்தான் அது மக்கள் சொத்து.

சரி, கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு என்ன கண்டார்கள்? இலியட்டின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். தன் மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீசைத் தேடி, கிழவன் பிரியாம் இரவில் எதிரிப் பாசறைக்கே போகிறான். மகனைக் கொன்ற கையை முத்தமிட்டு, பிணத்தையாவது கொடு என்று கெஞ்சுகிறான். அக்கிலீசுக்குத் தன் தகப்பன் நினைவு வந்துவிடுகிறது. இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். இது யார் காவியம்? ஜெயித்தவன் காவியம்! தோற்றவன் கண்ணீரையும் அதில் எழுதி வைத்தானே, அதுதான் ஐயா நாகரிகம். (கைதட்டல்)

இன்னொன்று. கி.மு. 416-ல் ஏதென்ஸ் படை மீலோஸ் என்ற சின்னத் தீவை முற்றுகையிட்டது. தீவு பணிந்ததும் ஆண்களைக் கொன்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றார்கள். கி.மு. 415 வசந்தத்தில், அதே ஏதென்சில், யூரிபிடிஸ் 'டிராய் நகரப் பெண்கள்' என்ற நாடகத்தை மேடையேற்றினார். கணவனையும் பிள்ளையையும் இழந்து அடிமைகளாகப் போகும் பெண்களின் புலம்பல்தான் நாடகம். கதை என்னவோ டிராய். ஆனால் பார்த்தவன் நெஞ்சில் மீலோஸ் குத்தாமல் இருந்திருக்குமா?

அந்த நாடகத்துக்கு என்ன பரிசு தெரியுமா? இரண்டாம் பரிசு! முதல் பரிசு வாங்கியவர் நாடகம் முழுதாக ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. நடுவர்கள் அப்பவே அப்படித்தான் இருந்திருக்காங்க! (சிரிப்பு) நம்ம நடுவரைச் சொல்லலீங்க!

எதிரணிக்கும் அங்கே ஒரு தலைவர் இருந்தார். பிளேட்டோ! தேவர்கள் சண்டையிடும் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதே என்றார். அவர் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் தம் தத்துவத்தை விளக்க அவரே குகைக் கதை சொன்னார். கதையைத் திட்டுவதற்கும் கதைதான் வேண்டியிருக்கு!

இப்போது நம் ஊருக்கு வாங்க. 1908-ல் பிரிட்டிஷாரின் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுவைக்கு வந்தார் பாரதி. நேராகப் பேசினால் வாயை அடைக்கிற காலம். அவர் கையில் எடுத்தது எதை? பாரதக் கதையை! 1912-ல் 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் வெளிவந்தது. சபையில் நின்ற பாஞ்சாலி வெறும் துருபதன் மகளா? அடிமைப்பட்ட பாரத தேவி அல்லவா! அதே காலத்தில் இதே புதுவையில், அரவிந்தர் டிராய் நகரின் கடைசி நாளை 'இலியன்' என்று ஆங்கிலத்தில் காவியமாக எழுதிக்கொண்டிருந்தார். அஸ்தினாபுரமும் டிராயும் ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருவில் குடியிருந்த மாதிரி!

"பழங்கதை பெண்ணை அடிமையாக்கியது" என்றார் நண்பர். தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று சபையில் கேட்டவள் யார்? பாஞ்சாலிதானே! பீஷ்மரே பதில் சொல்ல முடியாமல் திணறிய கேள்வி அது. திரௌபதி அம்மன் கோயில் கூத்தில், படிக்காத தாயும் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கண் கலங்குகிறாள். அவளுக்காக அவள் கேட்க முடியாததை அங்கே ஒருத்தி கேட்கிறாள்.

அதனால் சொல்கிறேன். கதையை அப்படியே நம்பித் தலையில் சுமந்தால் பாரம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதை எடுத்து இன்றைய அநியாயத்தைக் கேள்வி கேட்டால்? யூரிபிடிசுக்கும் பாரதிக்கும் அதுதான் பலம். உங்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள். நடுவில் அவர்கள் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். பழங்கதைகள் பலமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன்.